டாடா 206 பிக்கப்: தரை முடிந்தது, பிரேக்கும் பிடிக்கிறது

மாமாவின் பழைய டாடா 206 பிக்கப்பைப் பட்டறைக்கு விடாமல் வீட்டு வாசலிலேயே சரிசெய்யப் போகிறேன், கேபின் தரை முழுக்கத் துரு என்று முன்பு எழுதியிருந்தேன் இல்லையா, அதன் தொடர்ச்சி இது.

தரை முடிந்துவிட்டது. டிரைவர் பக்கம் கால்மிதி மேட்டை எடுத்ததும் கிளட்ச் பெடலுக்குக் கீழே ரோடு தெரிந்தது. மேலே பட்டி பூசி மூடினால் அடுத்த மழைக்குள் பெயர்ந்துவிடும். அதனால் பளபளப்பான இரும்பு வரும்வரை கிரைண்டரில் வெட்டி எடுத்துவிட்டு, 18 கேஜ் (சுமார் 1.2 மி.மீ. கனம்) தகடு வைத்தோம். ஜிஐ (துத்தநாகம் பூசிய) தகடு வேண்டாம்; வெல்டிங் சூட்டில் துத்தநாகப் புகை வரும், நெஞ்சுக்குக் கெடுதல். ஒரே இழுப்பாக வெல்டிங் போட்டால் தகடு நெளியும். இங்கே ஒரு பொட்டு, எதிர்ப்பக்கம் ஒரு பொட்டு என்று ஆறவிட்டு வைத்தால் நேராக நிற்கும். பேட்டரி ஒயரை முதலிலேயே கழற்றிவிடுங்கள்.

பிரேக்கில் மட்டும் காசு பார்க்கவில்லை. வீல் சிலிண்டர், ஹோஸ் எல்லாம் புதுசு. பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்கு ரொம்பத் தள்ளியிருக்கும் இடது பின் சக்கரத்தில் ஆரம்பித்து, பிரேக் லைனுக்குள் இருந்த காற்றை எடுத்தோம். இப்போது பெடல் கல் மாதிரி நிற்கிறது, அவ்வளவு சந்தோஷம்!

கதவு, கண்ணாடி, பின் விளக்கு எல்லாம் புதுப்பேட்டையில் பழசாகவே வாங்கினேன். பெயின்ட் இன்னும் தொடவில்லை, ப்ரைமரோடு நிற்கிறது. அப்புறம், 206-க்குப் பின் கதவுக் கீல் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.