ரெவிட் டெம்ப்ளேட்டில் ரூம் கலர் ஸ்கீம்: ஃபைலுக்கு ஃபைல் நிறம் மாறுவதை எப்படி நிறுத்துவது?

நாகர்கோவில்_பிளான்:
வீட்டு பிளான் மட்டும் செய்யும் சின்ன அலுவலகம். கட்டட வரைபட மென்பொருளான ரெவிட்டில் எல்லாரும் ஒரே ஆர்டிஇ டெம்ப்ளேட்டில் (புது ஃபைலுக்கான மாதிரி ஃபைல்) இருந்துதான் தொடங்குகிறோம். அதில் ரூம் பெயரை வைத்துக் கலர் ஸ்கீம் போட்டிருக்கிறது. ஆனாலும் ஒரு ஃபைலில் பெட்ரூம் மஞ்சள், இன்னொன்றில் ஊதா. சிட்-அவுட்டுக்குப் பல பிளானில் நிறமே விழுவதில்லை. பார்ட்டிக்குக் கலர் பிடிஎஃப் போகிறது, சைட்டுக்கு ஏ3 கருப்பு வெள்ளைப் பிரதி. அந்தப் பிரதியில் பாத்ரூமும் ஒர்க் ஏரியாவும் ஒரே சாம்பலாகத் தெரிகிறது. எந்த நிறம் எந்த அறை என்று காட்டும் லெஜெண்டைத் தமிழில் கேட்பவர்களும் உண்டு. டெம்ப்ளேட்டிலேயே சரிசெய்ய வழி சொல்லுங்கள்.

தக்கலை_பிம்:
நிறத்தை ரூம் பெயரோடு கட்டியதுதான் கோளாறு. பெயர் என்பது கையால் அடிப்பது. ஒருவர் ‘பெட்ரூம்’ என்பார், இன்னொருவர் ‘பெட் ரூம் 1’ என்பார். எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகாத எதையும் ரெவிட் புது மதிப்பாக எடுத்து, தானே ஒரு நிறம் கொடுத்துவிடும். உங்கள் ஊதா அப்படி வந்ததுதான்.

நிறத்தை ரூமின் இன்னொரு கட்டமான டிபார்ட்மென்ட்டுக்கு மாற்றுங்கள். அதையும் யாரும் கையால் அடிக்க விடாதீர்கள். வியூ டேபில் ஷெட்யூல்/குவான்டிட்டீஸ், கேட்டகரி ரூம்ஸ், அங்கே ‘ஷெட்யூல் கீஸ்’ தேர்ந்தெடுத்தால் ரூம் ஸ்டைல் என்ற கீ (முன்கூட்டியே நிரப்பி வைக்கும் தேர்வுப் பட்டியல்) கிடைக்கும். ஃபீல்டாக டிபார்ட்மென்ட்டைச் சேர்த்து, வீட்டுக்கு வேண்டிய ஏழெட்டு வரிகளைப் போடுங்கள்: படுக்கை, ஹால், சமையல், ஒர்க் ஏரியா, கழிப்பறை, சிட்-அவுட், கார் போர்ச், பூஜை அல்லது ஜெப அறை. வரைபவர் ரூமைத் தொட்டு ரூம் ஸ்டைலைத் தேர்ந்தெடுத்தால் டிபார்ட்மென்ட் தானாக நிரம்பும், அதன்பின் அந்தக் கட்டத்தில் அடிக்க முடியாது. பெயரை யார் எப்படி எழுதினாலும் நிறம் அசையாது.

தமிழ் லெஜெண்டும் இதிலேயே முடியும். கீ நேமை (வரியின் பெயரை) ஆங்கிலத்தில் வைத்து, டிபார்ட்மென்ட் மதிப்பைத் தமிழில் கொடுங்கள். லெஜெண்டில் அச்சாவது டிபார்ட்மென்ட்தான். லெஜெண்டின் டைப் ப்ராப்பர்ட்டியில் எழுத்துருவை நிர்மலா யுஐ ஆக்கி, ஒரு பிடிஎஃப் எடுத்துப் பாருங்கள். அங்கேயே ‘வேல்யூஸ் டிஸ்ப்ளேய்ட்’ என்பதை ‘பை வியூ’ என்று வைத்தால் அந்த பிளானில் இல்லாத அறைகள் லெஜெண்டில் வராது.

ஒரு எச்சரிக்கை: இருக்கும் ஸ்கீமில் ‘கலர்’ கட்டத்தை நேமிலிருந்து டிபார்ட்மென்ட்டுக்கு மாற்றினால் பழைய நிறங்கள் போய்விடும். முதலில் டூப்ளிகேட் எடுத்து அதில் மாற்றுங்கள். பிறகு பிளஸ் பொத்தானால் ஒவ்வொரு மதிப்பையும் சேர்த்து ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) எண்ணைக் கொடுங்கள். மதிப்பைக் கீ ஷெட்யூலில் இருந்து காப்பி செய்து ஒட்டுவதே நல்லது. பின்னால் ஒரு இடைவெளி கூடினாலும் அது வேறு மதிப்பு.

மார்த்தாண்டம்_டிராஃப்டிங்:
சிட்-அவுட்டுக்கு வருகிறேன். மூன்று பக்கம் தூண் மட்டும் இருந்தால் ரூம் மூடாது, ‘நாட் என்க்ளோஸ்ட்’ என்று வரும், நிறம் விழாது. ரூம் செபரேட்டர் கோடு போட்டு மூட வேண்டும். கைப்பிடிச் சுவர் இருந்தும் மூடவில்லை என்றால் லெவலின் கம்ப்யூட்டேஷன் ஹைட்டைப் பாருங்கள். ரூமின் எல்லையை ரெவிட் அந்த உயரத்தில்தான் கணக்கிடுகிறது. யாராவது அதை 1200 மி.மீ. ஆக்கியிருந்தால் 750 மி.மீ. சுவர் எல்லையாகவே சேராது. டெம்ப்ளேட்டில் 0 இருக்கட்டும்.

சாம்பல் விஷயம் எளிய கணக்கு. சிவப்பை 0.299, பச்சையை 0.587, நீலத்தை 0.114 ஆல் பெருக்கிக் கூட்டினால் அந்த நிறத்தின் சாம்பல் அளவு வரும் (0 கருப்பு, 255 வெள்ளை). வெளிர்நீலம் 157, 195, 230 எடுத்தால் 188. வெளிர்பச்சை 169, 209, 142 எடுத்தால் 189. திரையில் இரண்டும் எவ்வளவு வேறு, தாளில் ஒன்றே! பச்சையை 112, 160, 80 ஆக இறக்கினால் 137, பிரிந்து தெரியும். படுக்கையறைக்கு 255, 242, 204 வைத்தால் 242 வருகிறது, அதுவும் தனியாக நிற்கும். பக்கத்துப் பக்கத்து அறைகளுக்கு 40 வித்தியாசமாவது வையுங்கள். அதற்கு மேல் வகைகள் கூடினால் நிறத்தை நம்பாமல் ஃபில் பேட்டர்னைச் சாலிடில் இருந்து சாய்கோட்டுக்கு மாற்றுவதுதான் வழி.

பிரிண்ட் செட்டப்பில் ‘பிளாக் லைன்ஸ்’ கொடுத்துச் சோதித்தால் ஏமாந்துபோவீர்கள். அது கோட்டையும் எழுத்தையும்தான் கருப்பாக்கும், சாலிட் நிறம் அப்படியே கலரில் வரும். ‘கிரேஸ்கேல்’ கொடுத்துப் பாருங்கள்.

கொளச்சல்_சிவில்:
கீ ஷெட்யூலுக்குப் பதிலாக, ரூம் ஷெட்யூலில் ‘இன்சர்ட் டேட்டா ரோ’ போட்டு இடம் வைக்காத ரூம்களாக எல்லாவற்றையும் டெம்ப்ளேட்டிலேயே நிரப்பி வைக்கலாமே? ரூம் வைக்கும்போது மேலே இருக்கும் பட்டியலில் எடுத்துக்கொண்டால் போதும், பெயரும் டிபார்ட்மென்ட்டும் கூடவே வந்துவிடும்.

தக்கலை_பிம்:
வைக்கலாம், சார். ஆனால் பயன்படுத்தாதவை ‘நாட் பிளேஸ்ட்’ என்று ஷெட்யூலில் கிடக்கும், ஒவ்வொரு பிளானிலும் அழிக்க வேண்டும். மூன்றாவது பெட்ரூம் தேவைப்பட்டால் மறுபடியும் கையால் அடிப்பார்கள். வீட்டு வேலைக்குக் கீ ஷெட்யூல்தான் உறுதி என்பேன்.

நாகர்கோவில்_பிளான்:
நன்றி. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஃபைல்களுக்கு?

மார்த்தாண்டம்_டிராஃப்டிங்:
டெம்ப்ளேட்டில் செய்த மாற்றம் பழைய ஃபைலுக்குப் போகாது. முதலில் டெம்ப்ளேட்டில் இரண்டு வியூ டெம்ப்ளேட் (பிளான் எப்படித் தெரிய வேண்டும் என்று சேமித்து வைக்கும் அமைப்பு) வையுங்கள்: வொர்க்கிங் பிளானுக்குக் கலர் ஸ்கீம் ‘நன்’, பார்ட்டி பிளானுக்குப் புது ஸ்கீம். கலர் ஸ்கீம், கலர் ஸ்கீம் லொக்கேஷன் இரண்டிலும் இன்க்ளூட் டிக் இருக்கட்டும். பிறகு டெம்ப்ளேட், பழைய ஃபைல் இரண்டையும் திறந்து, மேனேஜ் டேபில் டிரான்ஸ்ஃபர் ப்ராஜெக்ட் ஸ்டாண்டர்ட்ஸ். வியூ டெம்ப்ளேட்ஸை டிக் செய்தால் அதோடு ஒட்டிய கலர் ஸ்கீமும் கூடப் போகும். பழைய ஸ்கீமின் பெயரையே புதியதற்கும் வைக்காதீர்கள், எது எதுவென்று குழப்பம் வரும். போன பிறகும் நிறம் தெரியவில்லை என்றால் விசிபிலிட்டி கிராஃபிக்ஸில் ரூம்ஸின் கீழே ‘கலர் ஃபில்’ டிக் இருக்கிறதா என்று பாருங்கள்.