ஆட்டிசம் உறுதியான பின் பெற்றோருக்கான பயிற்சி எங்கே கிடைக்கும்?

கேள்வி (விழுப்புரத்திலிருந்து ஒரு தாய்):
எங்கள் மூன்று வயது மகனுக்கு ஆட்டிசம் இருப்பதாக மருத்துவர் அண்மையில் உறுதிசெய்தார். பேச்சுப் பயிற்சி வாரத்தில் சிறிது நேரமே நடக்கிறது. மற்ற நேரமெல்லாம் அவனோடு இருக்கும் நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்பதை யாரும் கற்றுத்தரவில்லை. பெற்றோருக்கென்று பயிற்சி உண்டா?

மறுமொழி 1:
உண்டு, அம்மா. உலக சுகாதார நிறுவனம் 2 முதல் 9 வயது வரையுள்ள குழந்தைகளின் பெற்றோருக்காக வகுத்த பயிற்சியில் 9 குழு அமர்வுகளும் 3 வீட்டுச் சந்திப்புகளும் உள்ளன. குளிப்பது, உண்பது, விளையாடுவது போன்ற அன்றாடச் செயல்களுக்குள்ளேயே பழக்குவதுதான் அதன் அடிப்படை. குழந்தை எதைப் பார்க்கிறானோ அதையே நீங்களும் பார்த்து, அதை ஓரிரு சொற்களில் சொல்லி, அவன் கை நீட்டும்வரை பொறுத்திருங்கள். அவன் கேட்குமுன்பே எடுத்துக் கொடுத்துவிடும் நம் வழக்கம், அன்பினால் வருவதே என்றாலும், கேட்கப் பழகும் வாய்ப்பைக் குறைத்துவிடுகிறது.

மறுமொழி 2:
சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தை அணுகுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் இடம்பெறுவதால், தனித்துவ அடையாள அட்டைக்கும் விண்ணப்பிக்கலாம்.

மறுமொழி 3:
பயிற்சிக்குத் தந்தையும், வீட்டில் இருந்தால் பாட்டியும் உடன் வரட்டும். நீங்கள் ஒருவரே எல்லாவற்றையும் சுமந்தால் விரைவில் தளர்ந்துபோவீர்கள். உங்கள் உறக்கத்தையும் மனநிலையையும் பற்றி மருத்துவரிடம் தயங்காமல் பேசுங்கள்.