சைடுலோடிங்: ‘பக்கவேற்றம்’ வேண்டாம், ‘நேர்நிறுவல்’ என்போம்

வணக்கம்.

கூகுள் பிளே போன்ற செயலிக் கடை வழியாக அல்லாமல், வேறு வழியில் கைப்பேசியில் செயலியை நிறுவுவதைத்தான் ஆங்கிலத்தில் சைடுலோடிங் என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘பக்கவேற்றம்’ என்று நம் குழுவின் போன மடலில் வந்திருந்தது. பதிவேற்றம், பதிவிறக்கம் வரிசையில் அழகாகத்தான் உட்காருகிறது. ஆனாலும் எனக்கு ஒப்பவில்லை. அந்த ஆங்கிலச் சொல்லே கடைக்காரர் பக்கம் நின்று பார்க்கிற சொல். கடை வழியாக வந்தால் வெறும் நிறுவல். வேறு வழியில் வந்தால் மட்டும் பக்கவாட்டில் நுழைந்ததாகப் பெயர். மடிக்கணினியில் ஒரு மென்பொருளை அதைச் செய்தவரின் தளத்திலிருந்தே இறக்கிப் போடுகிறோம், அதை யாரும் அப்படிச் சொல்வதில்லையே. ‘புறவாசல் நிறுவல்’ இன்னும் மோசம், திருட்டு வாடை அடிக்கிறது.

மின்னணுக் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில் கேட்டால் ‘ஏபிகே போட்டுத் தரேன்’ என்பார்கள். பேச்சுக்குப் போதும். ஆனால் ஏபிகே ஆண்ட்ராய்டுச் செயலிக் கோப்பின் பெயர், ஐபோனுக்கு ஒட்டாது.

என் பரிந்துரை ‘நேர்நிறுவல்’. செய்தவர் கையிலிருந்து நம் கைப்பேசிக்கு, நடுவில் கடை இல்லை. ‘நேர்நிறுவினேன்’ என்று வினையாகவும் வளையும்.

‘நேர்’ என்றதும் நேர்மை நினைவுக்கு வந்து மக்கள் ஏமாற மாட்டார்களா என்று கேட்கலாம். நியாயமான கவலை. கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸாப்பில் வந்த ஒரு மோசடி ஏபிகேயை என் பெரியம்மா திறக்கப் போனார்; என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதால் பணம் தப்பியது. ஆனால் அந்த எச்சரிக்கை இருக்க வேண்டிய இடம் திரை. 2017-இல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல், எந்தச் செயலி வழியாக நிறுவலாம் என்று தனித்தனியே அனுமதி கேட்கிறதே, அங்கே தெளிவான தமிழில் எழுதுவோம். கலைச்சொல்லின் தலையில் அதை ஏற்ற வேண்டாம்.

இப்போதே முடிவு செய்யக் காரணம் உண்டு. 2024 மார்ச்சில் கட்டணத் தகராறில் கூகுள் சில இந்தியச் செயலிகளைத் தன் கடையிலிருந்து எடுத்து, சில நாளில் திரும்பச் சேர்த்தது. நம் சென்னை நிறுவனமான பாரத் மேட்ரிமோனியின் செயலிகளும் அதில் உண்டு. அப்புறம் 2025 ஆகஸ்டில் கூகுள், அடையாளம் சரிபார்க்கப்பட்ட உருவாக்குநர்களின் செயலிகளை மட்டுமே, எந்த வழியில் வந்தாலும், நிறுவ விடப்போவதாக அறிவித்தது: 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து, 2027 முதல் மற்ற நாடுகள். எதிர்ப்பு வந்தபின், விவரம் தெரிந்தவர்களுக்குத் தனி வழி வைப்பதாகவும் சொன்னது. இதையெல்லாம் தமிழில் எழுதும்போது ‘பக்கவேற்றத்துக்குத் தடை’ என்றால் ஏதோ குறுக்குவழியை அடைத்ததாகப் படும். ‘நேர்நிறுவலுக்குத் தடை’ என்றால் போவது நம் உரிமை என்று புரியும்.

கட்டற்ற ஆண்ட்ராய்டுச் செயலிகளைத் தரும் எஃப்-டிராய்டு போன்றவற்றுக்கு ‘நேர்நிறுவல்’ பொருந்தாது, அதுவும் ஒரு கடைதான். அதற்கு ‘மாற்றுக்கடை’ போதும். 2024 மார்ச்சில் ஐபோனின் ஐஓஎஸ் 17.4 ஐரோப்பிய ஒன்றியத்தில் திறந்துவிட்ட கடைகளுக்கும் அதே சொல்.

நான் தமிழாக்கும் செயலியில் வெள்ளிக்கிழமை இந்தச் சொல் வரும் வரிகளைச் சேர்க்க வேண்டும். இதைவிட நல்ல சொல் இருந்தால் அதற்குள் எழுதுங்கள்.

அன்புடன்,
மயிலாப்பூரிலிருந்து