வாட்ஸ்அப் குழு: பெரியகுளம் வீடு

கவிதா: சித்தப்பா, யாழினிக்கு அடுத்த வாரம் இங்கே இங்கிலாந்துப் பள்ளியில் ஃபோனிக்ஸ் தேர்வு, எழுத்துக்கூட்டி வாசிக்கும் தேர்வு. 40 சொல் வாசிக்க வேண்டும். அதில் 20 அர்த்தமே இல்லாதவை. 'கேக்' (cake) மாதிரி கடைசியில் ஈ (e) எழுத்து வந்தால் தடுமாறுகிறாள்.

அம்மா: அர்த்தமில்லாததைக் குழந்தையிடம் எதற்குக் கேட்கிறார்கள்?

கவிதா: மனப்பாடமாகச் சொல்லாமல் எழுத்தைப் பார்த்து ஒலிக்கிறாளா என்று தெரியத்தான் அம்மா.

முரளி அண்ணன்: பத்து நிமிடமாகச் சித்தப்பா எழுதிக்கொண்டே இருக்கிறார் 😀

சித்தப்பா: கவி, அங்கே அதை ஸ்ப்ளிட் டைகிராஃப் என்பார்கள். ஏ (a), ஈ (e) இரண்டும் சேர்ந்து ஒரே உயிரொலி. நடுவில் ஒரு மெய் புகுந்து பிரித்துவிடுகிறது. நாம் 'கொ' எழுதும்போது முன்னால் கொம்பு, பின்னால் கால். இரண்டும் சேர்ந்துதானே ஒ? அதை எழுதிக் காட்டு, பிடித்துக்கொள்வாள். சிலர் இதை 'நீண்ட ஏ' என்பார்கள். அந்தப் பெயர் நம்மைக் குழப்பும். நம் நெடில் மாத்திரைக் கணக்கு. இங்கே ஒலியே வேறு. தொப்பியான 'ஹேட்' (hat), வெறுப்பான 'ஹேட்' (hate) இரண்டையும் நாம் ஒரே மாதிரி எழுதுகிறோம். முதலாவதில் வாய் நன்றாகத் திறக்கும். இரண்டாவது எ-யில் தொடங்கி இ பக்கம் நகரும்.

அத்தை: அண்ணா, சாப்பிட்டீர்களா?

கவிதா: ஷிப் (ship), ஷீப் (sheep) சொல்லச் சொல்லி என்னை மொட்டை மாடியில் அழ வைத்தீர்களே சித்தப்பா.

முரளி அண்ணன்: நானும்தான் அழுதேன்.

சித்தப்பா: மறக்கவில்லை. 'இழுத்துச் சொல்' என்று கத்தினேன். இழுப்பு மட்டும் போதாது என்று அப்போது எனக்கே தெரியாது. ஷிப்பில் நாக்கு சற்று இறங்கித் தளர வேண்டும். ஷீப்பில் மேலேறும், உதடு விரியும். அதைக் காட்டியிருந்தால் நீ அழுதிருக்க மாட்டாய் கவி.

அம்மா: விடுங்கள் தம்பி.

அத்தை: கவி, ஆடிக்கு வருகிறீர்களா? மாடி ஒழுகுகிறது. உட்கார்ந்து பேச வேண்டும்.

முரளி அண்ணன்: என் பங்கைப் போன வருடமே கொடுத்துவிட்டேன்.

அத்தை: உன்னைக் கேட்டேனா?

கவிதா: டிக்கெட் பார்க்கிறேன் அத்தை. சித்தப்பா, சனிக்கிழமை வீடியோவில் வருகிறீர்களா? எங்களுக்குக் காலை 10, உங்களுக்கு மதியம் 2.30.

அம்மா: தம்பி தூங்கும் நேரம்.

சித்தப்பா: தூங்க மாட்டேன் அண்ணி. கவி, அவள் கையில் ஒரு சின்னக் கண்ணாடி கொடு. தன் வாயைப் பார்த்துக்கொண்டே சொல்லட்டும்.

கவிதா: சனிக்கிழமை நீச்சல் வகுப்பாம், இவர் சொல்கிறார். இருங்கள், கேட்டுச் சொல்கிறேன்.

அத்தை: அப்புறம் மாடி?