கிம்பலில் வைத்தும் ஷாட் ஆடுகிறது: பேலன்ஸா, ஸ்டெடிஷாட்டா, நடையா?

மொட்டைமாடி_25 (கேள்வி)

வணக்கம். குறும்படத்துக்கு டெஸ்ட் போய்க்கொண்டிருக்கிறது. திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் ஒருத்தனை வராண்டாவில் பின்தொடர்ந்து, இரண்டு மாடி ஏறி, மொட்டைமாடிக் கதவு வரைக்கும் ஒரே ஷாட்.

கேமரா சோனி ஏ7 மார்க் 4. லென்ஸ் டாம்ரான் 28-75 எஃப் 2.8 ஜி2, முன்னால் 67 எம்எம் வேரியபிள் என்டி (வெளிச்சத்தைக் குறைக்கும் ஃபில்டர்). மானிட்டருக்கு ஒரு எச்டிஎம்ஐ கேபிள். 3 கிலோ தாங்கும் கிம்பல் (மோட்டாரால் கேமராவை ஆடாமல் பிடிக்கும் கைப்பிடி), வாடகைக்கு எடுத்தது. 4கே 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50, பெரும்பாலும் 28 எம்எம். கேமரா உள்ளேயே ஆட்டம் குறைக்கும் ஸ்டெடிஷாட், ஆக்டிவ் மோடில் இருக்கிறது.

என்ன ஆகிறது என்றால்: நடக்கும்போது ஃப்ரேம் மேலும் கீழும் குதிக்கிறது. ஓரங்கள் ஜெல்லி மாதிரி நெளிகின்றன. நின்ற இடத்திலேயே சில சமயம் பொடி நடுக்கம், கைப்பிடியிலும் உர்ரென்று தெரிகிறது. இன்னொரு சீனுக்கு பைக் பின்சீட்டிலிருந்து எடுத்ததில் வளைவில் அடிவானம் சாய்ந்துபோகிறது.

4.5 கிலோ கிம்பலுக்கு மாறலாமா, மேல்-கீழ் குதிப்பை வாங்கிக்கொள்ளும் ஸ்பிரிங் ஆர்ம் எடுக்கலாமா என்று யோசனை. எது சரி?

கிரிப்_மாமா

இரண்டும் இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் சொன்ன நாலும் நாலு தனித்தனி வியாதி, ஒரே மருந்து கிடையாது.

எடை முதலில். பாடி, பேட்டரி, கார்டு சேர்த்து 658 கிராம், லென்ஸ் 540. என்டி, பிளேட் (கேமராவைக் கிம்பலில் பூட்டும் தகடு), கேபிள் எல்லாம் போட்டாலும் ஒன்றரை கிலோவைத் தாண்டாது. 3 கிலோ கிம்பலுக்கு இது பாதிச் சுமை. அதனால் பெரிய கிம்பல் எடுத்தால் கை வலிதான் மிச்சம், குதிப்பு அப்படியே இருக்கும்.

ஏனென்றால் மூன்று அச்சு கிம்பல் திருத்துவது சுழற்சியை மட்டும்தான்: பேன் (இடவலம் திரும்புவது), டில்ட் (மேல்-கீழ் பார்ப்பது), ரோல் (பக்கவாட்டில் சாய்வது). காலடி வைக்கும்போது கேமரா மொத்தமாக மூன்று நாலு சென்டிமீட்டர் ஏறி இறங்குகிறதே, அது சுழற்சி இல்லை, இடப்பெயர்ச்சி. அதைப் பிடிக்க எந்த மோட்டாரும் அங்கே இல்லை. வராண்டாவில் பக்கத்துச் சுவர், கதவு, தூண் எல்லாம் அருகிலேயே இருப்பதால் பட்டவர்த்தனமாகத் தெரிகிறது. அதே நடையைத் திறந்த மைதானத்தில் 28இல் எடுத்தால் பாதி பேருக்குத் தெரியாது.

உர்ர் சத்தம் பேலன்ஸ் அல்லது மோட்டார் பலம். கிம்பலை அணைத்துவிட்டுப் பாருங்கள்:

லென்ஸ் மூடி எடுத்தாச்சு, கார்டு பேட்டரி உள்ளே, என்டி மாட்டியாச்சு, கேபிள் சொருகியாச்சு, ஸ்கிரீன் ஷூட்டில் எப்படித் திறந்திருக்குமோ அப்படியே. இதற்கப்புறம்தான் பேலன்ஸ். என்டியைக் கடைசியில் மாட்டுவது வழக்கமான தப்பு. எடை கொஞ்சம்தான், ஆனால் லென்ஸ் நுனியில், அச்சிலிருந்து தள்ளி உட்காருகிறது.

டில்ட்டை முன்-பின் நகர்த்தி, கேமரா நேராகப் பார்க்கும்படி நிற்கவையுங்கள். அடுத்து லென்ஸை வானம் பார்க்கத் திருப்புங்கள். முன்னாலோ பின்னாலோ சரிந்தால் கேமராவின் உயரத்தை மாற்ற வேண்டும். 45 டிகிரியில் விட்டாலும் அங்கேயே நின்றால்தான் டில்ட் முடிந்தது. அப்புறம் ரோல். கடைசியாகப் பேன்: கைப்பிடியைப் படுக்கைவாட்டில் சாய்த்துப் பிடித்து, ஆர்ம் தானாகச் சுற்றுகிறதா பாருங்கள். பேனைப் பலர் விட்டுவிடுவார்கள். கிம்பலை நிமிர்த்திப் பிடித்திருக்கும்வரை அந்தக் குறை தெரியாது. படியில் குனிந்து ஏறும்போது பேன் மோட்டார் திணறும்.

இந்த லென்ஸ் ஜூம் செய்தால் குழல் முன்னால் நீளும். 28இல் பேலன்ஸ் செய்து 75க்குப் போனால் மூக்கு கனத்துவிடும். எந்த ஃபோகல் லெங்த்தில் எடுக்கிறீர்களோ அதில் பேலன்ஸ் செய்யுங்கள்.

ராத்திரி_எடிட்

ஓரம் நெளிவதற்கு ஆக்டிவ்தான் காரணம். முதல் வேலையாக அதை அணையுங்கள்.

வைட் லென்ஸில் ஃப்ரேம் ஓரத்தில் இருப்பது இயல்பாகவே இழுபட்டுத்தான் பதிவாகும். சென்சார் உள்ளே அசைந்து நடுப்பகுதியை அசையாமல் பிடித்துவைக்கும்போது, ஓரத்தில் அந்த இழுவையின் அளவு ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் மாறும். நடு நிற்கும், மூலை நீந்தும். ஆக்டிவ் அதற்கு மேல் 1.1 மடங்கு வெட்டிவிட்டு டிஜிட்டலாகவும் திருத்தப் பார்க்கும். கிம்பல் மெதுவாகப் பேன் செய்ய ஆரம்பித்தால் கேமரா அதைக் கை ஆட்டம் என்று நினைத்து எதிர்ப்பக்கம் பிடித்து வைக்கும், எல்லை முட்டியதும் சட்டென்று விடும். பேன் தொடக்கத்தில் ஒரு சின்னத் தாவல் இருக்கிறதா என்று உங்கள் ஃபுட்டேஜில் பாருங்கள்.

இந்த கேமரா முழு ஃப்ரேமில் 4கே 25 எடுக்கும்போது சென்சாரை மேலிருந்து கீழ் வாசித்து முடிக்க 25 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகிறது. மோட்டார் உர்ரென்று அதிர்ந்தால் ஒரே ஃப்ரேமுக்குள்ளேயே கோடுகள் அலையடிக்கும். அது ஓரத்தில் மட்டும் இல்லாமல் படம் முழுக்க இருக்கும். இரண்டையும் பலர் ஒரே 'ஜெல்லி' என்று சொல்வதால்தான் குழப்பம்.

ஓரக்கண்

அணைக்கச் சொல்வது சரி, ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. 28இல் ஆஃப். 75இல் க்ளோஸ் எடுக்கும்போது ஸ்டாண்டர்ட் வைக்கலாம், மோட்டார் விட்டுவிடும் பொடி நடுக்கத்தை அது தின்றுவிடும். அந்த நீளத்தில் மூலை நீச்சலும் கண்ணுக்குத் தெரியாது. ஆக்டிவ் மட்டும் கிம்பலில் எப்போதும் வேண்டாம். டாம்ரானில் தனி ஸ்டெபிலைசேஷன் கிடையாது, அதனால் லென்ஸ் பக்கம் அணைக்க வேண்டியது ஒன்றும் இல்லை.

ராத்திரி_எடிட்

75க்கு ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பின்னால் கைரோஃப்ளோவில் (கேமரா பதிந்த அசைவுத் தகவலை வைத்து ஆட்டத்தைத் திருத்தும் மென்பொருள்) போடும் எண்ணம் இருந்தால் அங்கேயும் ஆஃப் செய்துவிடுவது நிம்மதி.

மொட்டைமாடி_25

நன்றி. ஸ்டெடிஷாட் ஆஃப் செய்ததும் மூலை நின்றுவிட்டது, பேன் தாவலும் இல்லை. பேன் அச்சு வலப்பக்கம் இழுத்தது, சரிசெய்தோம். ஆனால் உர்ர் இன்னும் வருகிறது, குறிப்பாக லென்ஸைக் கீழே பார்க்க வைத்தால். ஆட்டோ ட்யூன் (கிம்பல் தானே மோட்டார் பலத்தை அமைத்துக்கொள்வது) இரண்டு தடவை ஓட்டியாகிவிட்டது.

கிரிப்_மாமா

கீழே பார்க்கும்போது மட்டும் என்றால் இரண்டு இடம் பாருங்கள்.

ஒன்று, பிளேட். கிம்பலை அணைத்து, ஒரு கையால் பிளேட்டையும் இன்னொரு கையால் பாடியையும் பிடித்து லேசாகத் திருகுங்கள். முடி அளவு அசைந்தாலும் அதுதான் குற்றவாளி. கால் அங்குல ஸ்க்ரூ ஒன்றே ஒன்று பிடித்திருக்கும்போது பாடி அதைச் சுற்றித் திரும்பப் பார்க்கும். மோட்டார் தள்ளும், கேமரா தாமதமாக வரும், கிம்பலின் சென்சார் அதைப் பிழை என்று படிக்கும், மோட்டார் மறுபடி தள்ளும். அந்த இழுபறிதான் உர்ர். ஸ்க்ரூவைக் கையால் திருகினால் போதாது, காசு வைத்தோ எல்-கீ வைத்தோ இறுக்குங்கள். பிளேட்டின் முன்விளிம்பில் உள்ள தடுப்பு பாடியோடு ஒட்டி நிற்க வேண்டும். லென்ஸ் சப்போர்ட் கொடுத்திருந்தால் போடுங்கள்.

இரண்டு, எச்டிஎம்ஐ கேபிள். தடியான கேபிள் டில்ட் ஆர்மில் உரசி ஸ்பிரிங் மாதிரி இழுக்கும். கேபிளைக் கழற்றிவிட்டு லென்ஸைக் கீழே காட்டிப் பாருங்கள். உர்ர் நின்றால் மெல்லிய கேபிள் வாங்கி, டில்ட் அச்சுக்குப் பக்கத்தில் தளர்வாக ஒரு வளையம் விட்டுக் கட்டுங்கள்.

இரண்டும் சரியாக இருந்தால்தான் மோட்டார் பலத்தில் கை வைக்க வேண்டும். லென்ஸ் நுனியை விரலால் தட்டுங்கள். தட்டிய பிறகும் கிணுகிணுவென்று அதிர்ந்தால் பலம் அதிகம், டில்ட்டை மட்டும் பத்து பத்து சதவீதமாகக் குறையுங்கள். தொய்வாக ஆடித் திரும்பி வந்தால் பலம் குறைவு. ஆட்டோ ட்யூனை மேசைமேல் ஆடாமல் வைத்து ஓட்டுங்கள். பேலன்ஸோ பிளேட்டோ கோளாறாக இருக்கும்போது ஓட்டினால் அந்தக் கோளாறுக்கு ஏற்றபடிதான் எண் தரும்.

வளைவு_நெளிவு

அடிவானம் சாய்வதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. அது ரிப்பேர் இல்லை.

கிம்பலுக்குக் 'கீழே' எது என்று சொல்வது முடுக்கமானி. நிற்கும்போது அது உணர்வது புவியீர்ப்பை மட்டும். வளைவில் பக்கவாட்டு விசையும் சேர்ந்துகொள்ளும். 15 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 20 கிலோமீட்டர் வேகத்தில் போனால் அதன் கணக்கில் 'கீழே' என்பது சுமார் 12 டிகிரி சாய்ந்துவிடும். சிறிது நேரம் கைரோ (சுழற்சியை உணரும் சென்சார்) சமாளிக்கும். வளைவு நீண்டுகொண்டே போனால் முடுக்கமானி சொல்வதை நம்பி மெல்லச் சாயும், நேர் ரோடு வந்ததும் மெல்லத் திரும்பும். ஓடிக்கொண்டே ஆர்டிஸ்டை வட்டமடித்தாலும் இதே கதை.

செய்யக்கூடியது: வளைவை இரண்டு மூன்று வினாடிக்குள் முடிகிற மாதிரி ஷாட்டைப் பிரிப்பது, வண்டி வேகத்தைக் குறைப்பது, கொஞ்சம் அகலமாக எடுத்து எடிட்டில் ரோலைத் திருப்புவது. வேகம் பாதியானால் விசை கால் பங்காகும், அதனால் வேகத்தில்தான் பலன் அதிகம்.

நேர் ரோட்டிலும், நின்ற இடத்திலும் சாய்ந்தே இருந்தால் அது வேறு; காலிப்ரேஷன் செய்ய வேண்டும். ஏசி அறையிலிருந்து வெயிலுக்கு வந்தால் பத்து நிமிஷம் விட்டுச் செய்யுங்கள். ஆன் செய்யும்போது கிம்பலைக் கையில் வைத்து ஆட்டாதீர்கள். அசையாமல் இருப்பதாக நினைத்துத்தான் அது கைரோவின் பூஜ்ஜியத்தை எடுத்துக்கொள்கிறது.

கிரிப்_மாமா

இப்போது நடை. உங்கள் ஷாட்டுக்கு முக்கியமானது இதுதான்.

முழங்கால் மடங்கியே இருக்கட்டும், முழுசாக நிமிரவே கூடாது. குதிகாலில் தொடங்கி விரல் வரை பாதம் உருண்டு இறங்க வேண்டும். முழங்கையை விலாவோடு ஒட்டாதீர்கள், ஒட்டினால் இடுப்பின் ஆட்டம் நேராகக் கேமராவுக்குப் போகும். கிம்பலை நெஞ்சுக்கு முன்னால் அரை மடிப்பில், இரண்டு கையாலும். மேலே உயர்த்திப் பிடித்தால் இரண்டு நிமிடத்தில் தோள் நடுங்க ஆரம்பிக்கும். வைட்டில் இடுப்புயரத்தில் தொங்கவிட்டுப் பிடிக்கும் அண்டர்ஸ்லிங் நல்லது, ஆனால் தரைக்கு அருகில் வருவதால் டைல்ஸ் கோடுகள் ஆட்டத்தைக் காட்டிக்கொடுக்கும்.

நேர் வராண்டாவில் பேன் ஃபாலோ (கைப்பிடி திரும்பும் பக்கம் கேமராவும் திரும்பும் மோடு) வேண்டாம். நடையில் தோள் இடவலமாக ஆடுவதைக் கிம்பல் 'திரும்பச் சொல்கிறார்' என்று எடுத்துக்கொள்ளும். லாக் (கேமரா ஒரே திசையில் நிற்கும் மோடு) போடுங்கள். படித் திருப்பத்தில் ஃபாலோ தேவைப்பட்டால் டெட்பேண்டை (கிம்பல் கண்டுகொள்ளாமல் விடும் சின்ன அசைவின் அளவு) கூட்டி, வேகத்தைக் குறைத்து, தனி ப்ரொஃபைலாகச் சேமித்து பட்டனில் மாற்றுங்கள்.

படியில் யாருக்கும் வழுவழுவென்று வராது. ஒரு படி 15 செ.மீ.க்கு மேல் இருக்கும், அதை எந்த முழங்காலும் முழுசாக விழுங்காது. ஆர்டிஸ்டும் அதே தாளத்தில் ஏறுவதுதான் கைகொடுக்கும். அவர் கால் வைக்கும்போதே நீங்களும் வைத்தால் அவர் ஃப்ரேமில் ஒரே இடத்தில் நிற்பார், பின்னணிதான் ஏறி இறங்கும். பின்னாலேயே ஒரு ஆள் உங்கள் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு வரட்டும்.

ஓரக்கண்

ஸ்பிரிங் ஆர்ம் பற்றி: வாங்க வேண்டாம், ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். கிம்பல், கேமரா, கேபிள் சேர்ந்த எடைக்கு ஸ்பிரிங்கை முறுக்க வேண்டும். கையை விட்டால் ஆர்ம் தன் ஓட்டத்தின் நடுவில் மிதக்கணும். முறுக்கு கூடினால் மேலே போய் ஒட்டிக்கொள்ளும், குறைந்தால் கீழே இடிக்கும். இரண்டிலும் அது வெறும் கம்பிதான். சில ஸ்பிரிங் கிறீச்சிடும், லைவ் சவுண்ட் எடுக்கிறீர்கள் என்றால் கவனம். மேன்ஷன் படிக்கட்டு அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள், உடம்பில் மாட்டும் வகை சுவரில் இடிக்கும்.

இந்தச் செங்குத்து ஆட்டத்துக்கு உள்ளேயே வழி வைத்து வந்தது 2021இல் டிஜேஐயின் ரோனின் 4டி. கேமராவும் கிம்பலும் ஒன்றாக, நாலாவது அச்சோடு. இரண்டு மாடி ஷாட் ஒன்றுக்காக அந்த வாடகை என் பார்வையில் அதிகம். ஆஸ்மோ பாக்கெட் 3 மாதிரிச் சின்னதுகளை இங்கே நினைக்கவே வேண்டாம். அதிலும் மூன்று அச்சுதான், குதிப்பு குதிப்புதான்.

மொட்டைமாடி_25

கேபிளைக் கழற்றியதும் உர்ர் போய்விட்டது. மெல்லியது வாங்கிவிட்டோம். வராண்டா லாக் மோடில் ஓகே. படியில் மிச்சம் இருக்கும் ஆட்டத்தை கைரோஃப்ளோவில் எடுக்கலாமா? 50 ஃப்ரேமில் எடுத்து ஸ்லோ செய்யலாமா என்றும் ஒரு பேச்சு.

ராத்திரி_எடிட்

கைரோஃப்ளோவும் சுழற்சியைத்தான் திருத்தும். கிம்பல் ஏற்கெனவே செய்த வேலையை மறுபடி செய்யும், மேல்-கீழ் குதிப்பு அதற்கும் எட்டாது. அதற்கு எடிட்டிங் மென்பொருளில் படத்தைப் பார்த்துத் திருத்தும் வகைதான், அதுவும் குறைந்த அளவில். சுவர் அருகே கடக்கும் இடத்தில் அது நெளியவைத்துவிடும்.

கிம்பல் இல்லாமல் கையில் எடுக்கும் ஷாட்டுக்கு கைரோஃப்ளோ அருமை, இலவசமும்கூட. ஸ்டெடிஷாட் ஆஃப், ஷட்டர் 1/100 அல்லது அதற்கும் வேகம். 1/50இல் எடுத்தால் படம் நிற்கும், மங்கல் மட்டும் ஒவ்வொரு காலடிக்கும் துடிக்கும். கார்டில் இருக்கும் ஃபைலை அப்படியே கொடுங்கள். கன்வர்ட் செய்தால் உள்ளே இருக்கும் கைரோ தகவல் போய்விடலாம்.

50 ஃப்ரேம் என்றால் இந்தக் கேமராவில் 4கே சென்சாரின் நடுப்பகுதிக்கு (சூப்பர் 35) குறுகிவிடும், உங்கள் 28 கிட்டத்தட்ட 42 ஆகும். படிக்கட்டில் பின்னால் நகர இடம் இருக்கிறதா பாருங்கள். வராண்டாவில் ட்யூப்லைட் இருந்தால் ஷட்டர் 1/100. நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 1/50, 1/100 இரண்டில்தான் ஃப்ளிக்கர் வராது. ஷட்டர் வேகம் இரட்டிப்பதால் ஒரு ஸ்டாப் வெளிச்சம் போகும், உள்ளே என்டியைக் கழற்ற வேண்டியிருக்கும். கழற்றினால் டில்ட் பேலன்ஸை மறுபடி பாருங்கள்.