எழுத்து பிடிபடாத பிள்ளையும் குவேக்கர் பள்ளியும்

பாளையங்கோட்டை அம்மா:
மகன் நாலாம் வகுப்பு. கதை சொன்னால் அப்படியே திருப்பிச் சொல்வான், எழுதச் சொன்னால் எழுத்தெல்லாம் இடம் மாறிப்போகும். டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பதும் எழுதுவதும் சிரமமாகிற கற்றல் குறைபாடு என்றார்கள். எழுந்து நின்று வாசிக்கச் சொன்ன நாளெல்லாம் சாப்பாட்டு டப்பா திறக்காமலே திரும்பி வருகிறது. அமெரிக்காவில் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே பள்ளி நடத்துகிறார்களாமே, அவர்கள் நம்பிக்கைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

தென்காசிக்காரன்:
ஆமாம் அக்கா, பென்சில்வேனியாவில் டெலவேர் வேலி ஃபிரெண்ட்ஸ் பள்ளி இருக்கிறது. ஒவ்வொருவருக்குள்ளும் கடவுளின் ஒளி உண்டு என்பது 17ஆம் நூற்றாண்டில் அந்தப் பிரிவைத் தொடங்கிய ஜார்ஜ் ஃபாக்ஸ் காலத்திலிருந்தே அவர்கள் நம்புவது. அப்படி நம்புகிறவர் ஒரு பிள்ளையை மக்கு என்று ஒதுக்கக் கூடாது, அந்த ஒளி எந்த வழியாக வெளியே வரும் என்றுதான் தேட வேண்டும். 1796இல் இங்கிலாந்தின் யார்க் நகரில் வில்லியம் டியூக் என்ற குவேக்கர் மனநோயாளிகளை மரியாதையோடு நடத்தும் இல்லம் திறந்ததும் இதே நம்பிக்கையில்தான்.

அம்பை டீச்சர்:
எனக்குப் பிடித்தது அவர்களுடைய மௌன வழிபாடு, தங்கச்சி. எல்லாரும் சும்மா உட்கார்ந்திருப்பார்கள், சொல்லத் தோன்றியவர் மட்டும் எழுந்து பேசுவார், யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். யோசித்துப் பேசுகிற பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! நான் வகுப்பில் கேள்வி கேட்டுவிட்டு மனசுக்குள் பத்து எண்ணுவேன்; கடைசி பெஞ்சுப் பையன் ஒருத்தன் எட்டு எண்ணும்போதுதான் கை தூக்குவான், பதில் சரியாக இருக்கும். அப்புறம், 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் வருகிறது. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள் எல்லாம் கேட்கலாம். சான்றிதழை இப்போதே வாங்கி வை.

பாளையங்கோட்டை அம்மா:
சரி டீச்சர், திங்கட்கிழமை ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் விசாரிக்கிறேன்.