உதவி: பசங்களுக்குப் பந்தை மறைத்து நிற்கச் சொல்லித் தருவது எப்படி?

வடகடலான்: எங்கள் தெருப் பசங்களுக்குச் சாயங்காலம் கால்பந்து சொல்லித் தருகிறேன். எதிராளி பக்கத்தில் வந்தாலே பந்தைப் பறிகொடுத்துவிடுகிறார்கள். "உடம்பைக் குறுக்கே போடுடா" என்று கத்திப் பார்த்தாச்சு, ஏறவில்லை. அடுத்த வாரம் கீழக்கரைப் பசங்களோடு மேட்ச். அவசரம்.

தொண்டி லெஃப்ட்: என்ன வயசு? மணலா, கட்டாந்தரையா? எந்த சைஸ் பந்து?

பழைய ஸ்டாப்பர்: இதெல்லாம் முதல் மாதமே சொல்லித் தர வேண்டியது, தம்பி. மேட்சுக்கு ஒரு வாரம் இருக்கும்போது வந்து கேட்டால்? நான் ஏற்கெனவே விளக்கமாக எழுதியிருக்கிறேன், தேடிப் படிக்கவும்.

மண்டபம் மச்சான்: காற்றுதான் காரணம். கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும்போது வடகடல் பக்கம் பந்து தண்ணீரை நோக்கியே ஓடும். பையன் பந்தைப் பார்ப்பானா, எதிராளியைப் பார்ப்பானா? உள்ளே தள்ளிப் போய் விளையாடுங்கள்.

வடகடலான்: 10, 11 வயசு. தங்கச்சிமடம், மணல்தான். பந்து 5.

தொண்டி லெஃப்ட்: அப்படிச் சொல்லுங்கள்! 8 முதல் 12 வயசுக்கு 4-ஆம் நம்பர் பந்துதான். 5 என்பது 410 முதல் 450 கிராம், சின்னப் பையன் காலில் அடங்காது. காய்ந்த மணலும் வேண்டாம், பந்து உருளாமல் புதையும். அலை நனைத்த ஓரத்துக்குப் போங்கள்.

முதலில் பந்தே வேண்டாம். ஒரு தேங்காய் நெற்றை மணலில் பாதி புதைத்து வையுங்கள். ஒருவன் காக்கணும், இன்னொருவன் காலால் தொடணும். பத்து எண்ணும்வரை தாக்குப்பிடித்தால் இடம் மாற்றுங்கள். நெற்று நகராது என்பதால் பையன் கால் வைக்கும் இடத்தை மட்டும் யோசிப்பான். பிறகு பந்து. எதிராளிக்கு முழு முதுகைக் காட்டினால் கவட்டைக்குள் கால் விட்டு எடுத்துவிடுவான். பக்கவாட்டில் நின்று, முழங்காலை மடக்கி, எதிராளிக்குத் தூரமாக இருக்கிற காலில் பந்தை வைக்கணும். அவன் எந்தப் பக்கம் சாய்கிறான் என்பது தோளில் தெரியும், உடனே மறுபக்கம் திரும்பிவிடலாம்.

கீழக்கரை விசில்: கையை மறந்துவிட்டீர்களே. முழங்கையை லேசாக விரித்தால் எதிராளி எங்கே இருக்கிறான் என்று தெரியும்.

பழைய ஸ்டாப்பர்: கை வைத்தால் ஃபவுல். பசங்களைக் கெடுக்காதீர்கள்.

கீழக்கரை விசில்: கை விரிந்திருப்பது ஃபவுல் இல்லை, தள்ளினாலும் பிடித்தாலும்தான் ஃபவுல். 12-ஆவது விதியைப் பாருங்கள். பந்து ஆடும் தூரத்தில் இருக்கும்வரை குறுக்கே நிற்கலாம், கையாலோ உடம்பாலோ எதிராளியைத் தடுத்து வைக்கக் கூடாது. அதே நேரம் அவன் முறையாகத் தோளால் மோதலாம். பந்தை விட்டுவிட்டு ஆளை மட்டும் மறித்தால் ஃப்ரீ கிக், இடிக்காமல் மறித்தால் மறைமுக ஃப்ரீ கிக் (நேராகக் கோல் அடிக்க முடியாதது), இடித்தால் நேரடி.

பழைய ஸ்டாப்பர்: விதி எனக்கும் தெரியும். எங்கள் பக்கத்துப் போட்டிகளில் கை உயர்ந்தாலே விசில் ஊதுவார்கள்.

கீழக்கரை விசில்: அது ஊதுகிறவரின் கோளாறு, அண்ணே.

மண்டபம் மச்சான்: மணலில் விளையாடுவதால் கடற்கரைக் கால்பந்து விதிதானே பொருந்தும்?

கீழக்கரை விசில்: அது வேறு ஆட்டம். 5 பேர், மூன்று 12 நிமிடப் பகுதிகள். அதைக் கொண்டுவந்து குழப்பாதீர்கள்.

தொண்டி லெஃப்ட்: கேட்டவரை விட்டுவிட்டு எங்கேயோ போயாச்சு. வடகடலான், இருக்கிறீர்களா?

பழைய ஸ்டாப்பர்: ஆளைக் காணோம். எதிர்பார்த்ததுதான்.

வடகடலான்: நெற்று வைத்து விளையாடினோம். கோல் கீப்பர் பையன்தான் எல்லாரையும்விட நன்றாக நிற்கிறான்! மேட்ச் 1-2, தோற்றோம். கீழக்கரைக் காக்காவுக்கும் (அண்ணனுக்கும்) தொண்டிக்காரருக்கும் நன்றி.

கீழக்கரை விசில்: கை விஷயத்தில் ரெஃப்ரி ஏதாவது ஊதினாரா?

பழைய ஸ்டாப்பர்: ஆமாம், அதைச் சொல்லுங்கள் முதலில்.